வௌவாலும் ரேபிஸும்: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளாவில் நிபா (பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பரவும் வைரஸ் நோய்) என்று செய்தி வந்தால் போதும், புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டி அந்தப் பயம் நம் பக்கமும் வந்துவிடுகிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு பக்கம் மரங்களில் தொங்கும் வௌவால்களை அதுவரை கண்டுகொள்ளாதவர்களும் அண்ணாந்து பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்தப் பேச்சோடு பேச்சாக ரேபிஸும் சேர்ந்து எல்லாம் ஒரே குழப்பமாகிவிடும். ஊரில் பலரும் கேட்கிற கேள்விகளையும், அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரேபிஸ் நாய்க்குத்தானே வரும்? வௌவாலுக்கும் வருமா?

வரும். நாய், பூனை, நரி, கீரி, குரங்கு, மாடு என்று பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் வரக்கூடிய நோய் இது. வௌவாலும் பாலூட்டிதான்.

ஆனால் வௌவால் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ரேபிஸ் வைரஸ் 'லிஸ்ஸாவைரஸ்' என்ற பேரினத்தைச் சேர்ந்தது. நாயிடமிருந்து வரும் அதே ரேபிஸ் வைரஸ் வௌவால்களிடையே நிலையாகப் பரவி வருவது வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா வௌவால்களிடம் இருப்பவை அதன் பங்காளிகள். பெயர் வேறு, ஆனால் மனிதருக்கு வந்துவிட்டால் நோய் ஒன்றுதான், முடிவும் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு வைரஸை 1996-ல் பழந்தின்னி வௌவாலில் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டிலும், பிறகு 1998, 2013, 2025 ஆண்டுகளிலும் அங்கே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். 1998-ல் இறந்த பெண்ணை வௌவால் கடித்தது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் முன்னால்.

ரத்தம் குடிக்கும் வௌவால் நம் மலையில் உண்டா?

கிடையாது. அந்த இனங்கள் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரைதான் இருக்கின்றன. பாபநாசம், மாஞ்சோலைக் காட்டில் இருப்பவை பழமோ பூச்சியோ தின்பவை. ஒரு சில இனங்கள் தவளை, பல்லி, சின்னப் பறவைகளைப் பிடித்துத் தின்னும், அவ்வளவுதான்.

அப்படியானால் நம் ஊர் வௌவாலுக்கு இந்த நோய் இருக்கிறதா, இல்லையா?

நேராக 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல முடியாத கேள்வி இது. ஏன் சொல்ல முடியவில்லை என்பதில்தான் கண்காணிப்பின் தேவையே அடங்கியிருக்கிறது.

இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் கன்னொருவ என்று ஓர் ஊர். அந்தப் பக்கம் நோயுற்றும் செத்தும் கிடந்த பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோது, அதுவரை யாரும் அறியாத ஒரு லிஸ்ஸாவைரஸ் கிடைத்தது. 2016-ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். ஊரின் பெயரையே வைரஸுக்கும் வைத்துவிட்டார்கள். நம் ஆற்றங்கரை மரங்களில் தொங்குவதும் அதே இனத்து வௌவால்தான். திருநெல்வேலியிலிருந்து கண்டி வானத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 350 கிலோமீட்டர். கொல்கத்தாவையும் டெல்லியையும் விட நமக்குக் கிட்டத்து ஊர்.

இந்தியாவுக்குள் நாகாலாந்தில் வௌவால்களைச் சோதித்த பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநலம், நரம்பியலுக்கான தேசிய நிறுவனம்) ஆய்வாளர்கள் 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சோதித்த மூளைகளில் வைரஸ் கிடைக்கவில்லை. ஆனால் சில வௌவால்களின் ரத்தத்தில் லிஸ்ஸாவைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது அவை எப்போதோ கிருமியைச் சந்தித்து, தப்பித்து, பறந்துகொண்டிருக்கின்றன.

எனவே, 'இந்தியாவில் வௌவால் ரேபிஸ் நிரூபிக்கப்படவில்லை' என்று யாராவது சொன்னால் அது பொய் இல்லை. ஆனால் தேடிப் பார்த்து இல்லை என்பது வேறு, தேடாமலே இல்லை என்பது வேறு. நம்முடையது பெரும்பாலும் இரண்டாவது வகை.

தெருவுக்குத் தெரு நாய் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு வௌவாலை எதற்குப் பார்க்க வேண்டும்?

நியாயமான கேள்வி. மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்க்கடியால்தான் என்கிறது உலக சுகாதார அமைப்பு. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயில் இறப்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. கையில் நூறு ரூபாய் இருந்தால் தொண்ணூறுக்கு மேல் நாய்த் தடுப்பூசிக்குத்தான் போக வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

மீதிப் பத்து ரூபாய் எதற்கு? 2030-க்குள் நாய் வழி ரேபிஸ் மரணத்தை ஒழிப்பது என்று இந்திய அரசு 2021-ல் செயல்திட்டம் போட்டிருக்கிறது. நாய் வழி குறையக் குறைய, மிச்சமிருப்பது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மேலே வரும். அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு முடித்தபின், அங்கே உள்நாட்டில் ரேபிஸால் இறப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வௌவாலிடமிருந்து வந்ததாக இருக்கிறது. 1953-ல் புளோரிடாவில் ஒரு சிறுவனை வௌவால் கடித்து, அந்த வௌவாலுக்கு ரேபிஸ் என்று உறுதியானபோதுதான் அவர்கள் பூச்சி தின்னும் வௌவால்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

வௌவாலைக் கண்காணிப்பது என்றால் என்ன செய்வார்கள்? கூட்டம் கூட்டமாகப் பிடித்துக் கொல்வார்களா?

இல்லை. கொல்வது தேவையும் இல்லை, பயனும் இல்லை.

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, தானாக வந்து சேரும் வௌவால்களைச் சோதிப்பது. கீழே விழுந்து பறக்க முடியாமல் கிடப்பது, காரணம் தெரியாமல் செத்துக் கிடப்பது, ஆளைக் கடித்தது, பூனை கவ்விக்கொண்டு வந்தது என்று இப்படிக் கிடைப்பவற்றை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இரண்டாவது, தேடிப் போவது. வனத்துறை அனுமதியோடு, மெல்லிய வலை கட்டி உயிரோடு பிடித்து, வாயில் பஞ்சுக் குச்சியால் எச்சில் எடுத்து, கொஞ்சம் ரத்தமும் எடுத்து, எடை போட்டுப் பறக்க விட்டுவிடுவார்கள்.

கேட்டால் இரண்டாவதுதான் பெரிய ஆராய்ச்சி மாதிரி தெரியும். ஆனால் வைரஸைக் கண்டுபிடிக்க முதல் வழிதான் கெட்டி. காரணம் எளிது. நன்றாகப் பறந்து திரியும் வௌவால்களில் வைரஸ் இருப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்றுதான் அமெரிக்கா, ஆஸ்திரேலியா அனுபவம் சொல்கிறது. ஆளைக் கடித்தது, கீழே கிடந்தது என்று சோதனைக்கு வருபவற்றில் அந்த விகிதம் பல மடங்கு. அமெரிக்காவில் அப்படி வருபவற்றில் நூற்றுக்கு ஆறு வாக்கில் நோய் உள்ளவை. ஆயிரம் நல்ல வௌவால்களை வலை போட்டுப் பிடிப்பதைவிட, விழுந்த ஐம்பது வௌவால்களைத் தவறாமல் அனுப்புவது மேல் என்பேன்.

பிரிட்டனில் 1987 முதல் இதைச் செய்கிறார்கள். வௌவால் ஆர்வலர்களும் பொதுமக்களும் செத்த வௌவாலை அனுப்பி வைக்க, அரசு ஆய்வகம் சோதிக்கிறது. அப்படித்தான் 1996-ல் அங்கே முதல் லிஸ்ஸாவைரஸ் பிடிபட்டது. 2002-ல் ஸ்காட்லாந்தில் வௌவால்களோடு பழகிய, தடுப்பூசி போடாத ஒருவர் இறந்தபோது, அது என்ன என்று மருத்துவர்களால் உடனே யோசிக்க முடிந்ததற்கு அந்தப் பதிவுகளும் ஒரு காரணம்.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் இரண்டாம் வழியும் வீண் இல்லை. எந்தக் கூட்டத்தில் கிருமி நடமாடியது என்று அது சொல்லும். ஆனால் எதிர்ப்பொருள் இருக்கும் வௌவால் நோயாளி என்று அர்த்தமில்லை. செய்தித்தாள்கள் இந்த இடத்தில்தான் வழக்கமாகச் சறுக்குகின்றன.

சோதனை எங்கே, எப்படி நடக்கும்?

மூளையில்தான். அதில் ஒரு சின்னத் துணுக்கை எடுத்து, ஒளிரும் எதிர்ப்பொருள் தடவி, விசேஷ நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வைரஸ் இருந்தால் ஆப்பிள் பச்சை நிறத்தில் மின்னும். இந்தச் சோதனை ரேபிஸ் குடும்பம் என்பதைச் சொல்லும், குடும்பத்தில் எந்த ஆள் என்று சொல்லாது. அதற்கு மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். இந்த இரண்டாம் படி விட்டுப்போனால் வௌவால் வைரஸும் 'ரேபிஸ்' என்ற ஒரே கணக்கில் போய்விழும்.

பெங்களூருவில் நிம்ஹான்ஸும், ஹெப்பாலில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகமும் இதில் பேர்பெற்றவை. நமக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வழி கேட்க முதலில் போக வேண்டிய இடம் அது.

தோப்பில் வௌவால் செத்துக் கிடந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பதற வேண்டாம். சித்திரை வெயிலில் சுருண்டு விழுவதும், கரண்ட் கம்பியில் அடிபடுவதும்தான் அதிகம். பழந்தின்னிக்குச் சிறகு அகலம், இரண்டு கம்பியை ஒரே நேரத்தில் தொட்டுவிடும். கம்பிக்கு நேர் கீழே கருகிக் கிடந்தால் காரணம் அங்கேயே தெரிகிறது.

காரணம் தெரியாமல் கிடந்தாலோ, ஒரே மரத்தடியில் நாலைந்து கிடந்தாலோ, உயிரோடு இருந்தும் பகலில் தரையில் தவழ்ந்தாலோ சொல்ல வேண்டும். வனத்துறைக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ தகவல் கொடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் நாயையும் தள்ளி வையுங்கள். ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி மேலே கல் வைத்துவிட்டால் போதும், ஆள் வரும்வரை தாங்கும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். உயிரோடு இருந்தால் கம்பெடுத்துத் தலையில் போடாதீர்கள். தலை நசுங்கினால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. எடுத்துப் போக வருபவர் அதை இரண்டு மூன்று பைக்குள் கட்டி ஐஸ் பெட்டியில் வைப்பார். நம் வெயிலில் அரை நாள் திறந்து கிடந்தாலே மூளை கூழாகிவிடும். கிடைத்த இடம், தேதி, யாரையாவது கடித்ததா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைப்பது நம் பங்கு.

வௌவால் கடித்துவிட்டது, அல்லது பிறாண்டிவிட்டது. என்ன செய்ய?

சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் மூன்று நிமிடமே பதினைந்து மாதிரித் தோன்றும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். பிறகு நேராக ஆஸ்பத்திரி. சின்ன வௌவாலின் பல் ஊசி முனை போல இருக்கும், தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். தடம் தெரியவில்லை என்பதற்காகப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

போனேன் அண்ணாச்சி, 'வௌவாலுக்கெல்லாம் ஊசி வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களே?

இது பலர் சொல்வதுதான். அந்த மருத்துவர் மேல் கோபப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

வௌவால், எலி கடித்தால் வழக்கமாக ரேபிஸ் ஊசி தேவையில்லை, அசாதாரணமான சூழலில் நிபுணரைக் கேட்டு முடிவு செய்யலாம் என்பதுதான் இந்திய வழிகாட்டுதலின் போக்கு. உலக சுகாதார அமைப்போ 2018-ல் வெளியிட்ட தன் நிலைப்பாட்டில், வௌவாலோடு நேரடியாகத் தொடுதல் ஏற்பட்டாலே அதை மூன்றாம் வகையில், அதாவது ஆபத்து அதிகமான வகையில் வைக்கிறது. அந்த வகைக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள் மருந்து) தேவை.

உங்கள் மருத்துவர் முதல் தாளைப் பார்த்துச் சொல்லியிருப்பார். இரண்டு தாளும் ஏன் முட்டிக்கொள்கின்றன? நம் நாட்டு வௌவாலைப் பற்றி யாரிடமும் போதிய கணக்கு இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் ஒருவர் 'நிரூபணம் இல்லை, வேண்டாம்' என்கிறார், மற்றவர் 'நிரூபணம் இல்லை, எதற்கும் போடு' என்கிறார். இந்த மாவட்டத்தில் இத்தனை வௌவால்களைச் சோதித்தோம், இத்தனையில் இருந்தது அல்லது எதிலும் இல்லை என்று ஒரு காகிதம் மேசையில் இருந்தால் மருத்துவருக்கு இந்தச் சங்கடமே வராது. கண்காணிப்பு அவருக்காகத்தான்.

அதுவரை என் கருத்து: வந்துவிட்டால் பிழைக்க வழியில்லாத நோய், ஊசியோ பாதுகாப்பானது. போட்டுக்கொள்வதே சரி. 'கடித்த வௌவால் பகலில் தரையில் கிடந்தது' என்பது மாதிரியான விவரங்களை மறக்காமல் சொல்லுங்கள், அசாதாரணச் சூழல் என்பது அதுதான். அப்படியும் தீரவில்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையும் கிடைக்கும்.

நாய்க்கடி ஊசி வௌவால் கிருமிக்கும் கேட்குமா?

ஆஸ்திரேலிய வைரஸ், கன்னொருவ வைரஸ், ஐரோப்பிய வௌவால் வைரஸ்கள் எல்லாம் ரேபிஸுக்கு நெருக்கமான முதல் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றுக்கு இதே ஊசிதான். ஆப்பிரிக்காவில் இருக்கும் லாகோஸ், மொகோலா போன்ற சில தூரத்து உறவுகளுக்கு இது சரிவரக் கேட்காது. யாரிடம் எது இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசியா?

அந்தக் காலம் மலையேறிவிட்டது. ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியாவில் 2005 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். அதைத் தயாரித்துவந்த குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் திசு வளர்ப்பு முறைக்கு மாறியது. இப்போது கையில்தான் ஊசி. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள், தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. வலி குறைந்துவிட்டது என்று நடுவில் விட்டுவிடக் கூடாது.

கோயில் பிரகாரத்தில் எச்சமும் நாற்றமுமாக இருக்கிறதே, அதிலிருந்து ரேபிஸ் வருமா?

வராது. எச்சம், மூத்திரம், ரத்தம் வழியாக ரேபிஸ் பரவுவதில்லை. எச்சில் காயத்திலோ கண், வாய், மூக்கிலோ பட வேண்டும். மரத்தடியில் நடந்ததற்கோ, தலைக்கு மேல் பறந்ததற்கோ ஊசி தேவையில்லை. கோபுரத்துக்குள் காய்ந்த எச்சத்தைக் கூட்டி அள்ளுபவர்கள் மட்டும் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யட்டும். அந்தத் தூசியில் நுரையீரலைப் பிடிக்கும் வேறு பூஞ்சைகள் வளரக்கூடும்.

வௌவால் கடித்த கொய்யா, பனையில் இறக்கிய பதநீர்?

ரேபிஸ் இவற்றால் வருவதில்லை, உடலுக்கு வெளியே அந்த வைரஸ் சீக்கிரம் செத்துவிடும். ஆனால் நிபா வேறு கதை. வங்கதேசத்தில் ஈச்சஞ்சாற்றைப் பச்சையாகக் குடித்ததால் நிபா பரவியிருக்கிறது. எனவே கடிபட்ட பழத்தைத் தூக்கிப்போடுங்கள். பதநீர் பிரியர்கள் கலயத்தின் வாயை மூடி இறக்குபவரிடம் வாங்குவது நல்லது. காய்ச்சி எடுத்த கருப்பட்டிக்கு எந்தப் பயமும் இல்லை.

ராத்திரி வீட்டுக்குள் வௌவால் புகுந்துவிட்டால்?

பூச்சியைத் துரத்திக்கொண்டு வழி தவறி வந்திருக்கும். உள்ளே விளக்கையும் மின்விசிறியையும் அணைத்து, சன்னலைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் தானே போய்விடும். துடைப்பத்தால் அடிப்பதும், துண்டைப் போட்டுக் கையால் பிடிப்பதும்தான் கடி வாங்கும் வழி. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்திலோ, நினைவில்லாமல் படுத்திருப்பவர் மேலோ வௌவால் கிடந்தது தெரிந்தால் தடம் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பூனை ஒரு வௌவாலைக் கவ்விக்கொண்டு வந்தது.

பூனைக்கு ஆண்டுத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போடாவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். வௌவாலைக் குப்பையில் எறியாமல் மேலே சொன்னபடி எடுத்து வையுங்கள். ஆஸ்திரேலியாவில் 2013-ல் இரண்டு குதிரைகளுக்கே வௌவால் வைரஸ் வந்திருக்கிறது.

வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது என்கிறார்களே?

இல்லை. இழுப்புக்கு அதில் மருந்து எதுவும் கிடையாது. பிடிக்கும்போதும் அறுக்கும்போதும் எச்சிலும் மூளையும் கையில் படும், ஆபத்து அங்கேதான். வனச் சட்டப்படி குற்றமும்கூட. முன்பு பழந்தின்னி வௌவால்களை 'தீங்குயிரி' பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே எடுபட்டுவிட்டது.

மரத்தை வெட்டிவிட்டால் தொல்லை தீருமே?

தீராது, பரவும். ஒரு மரத்தில் இருந்த ஆயிரம் வௌவால்கள் ஐந்து ஊருக்குப் பிரிந்து போகும். விரட்டப்பட்டவை பட்டினியிலும் பதற்றத்திலும் நோய்க்கு எளிதில் ஆளாகும், ஆளைக் கடிக்கும் வாய்ப்பும் கூடும். பெரு நாட்டில் ரத்தம் குடிக்கும் வௌவால்களைப் பல ஆண்டுகள் கொன்று பார்த்தார்கள். கொன்ற கூட்டங்களிலும் கிருமி குறையவில்லை என்று 2012-ல் வந்த ஆய்வு காட்டியது.

வௌவால் போனால் நமக்கு நட்டமும் உண்டு. இலுப்பை விதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுவது பழந்தின்னிதான். கார், பிசானம் இரண்டு பருவத்திலும் ராத்திரியில் வயல் மேல் பூச்சி பொறுக்குவது சின்ன வௌவால்கள். அகத்தியமலைக் காட்டிலோ, உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத சலீம் அலி பழ வௌவால் வாழ்கிறது. தீபாவளிக்கு வெடி போடாமல் வௌவால் ஆலமரத்தைக் காக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கு இதையெல்லாம் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கண்காணிப்பில் சாதாரண ஆட்கள் செய்ய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தை மாத வாக்கில் நீர்ப்பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும்தான் பைனாகுலரோடு கரையில் நிற்பார்கள். அதே ஆட்கள், அதே நோட்டு, வௌவால் மரங்களுக்கும் போதும். எந்த ஊரில் எந்த மரம், சாயங்காலம் கிளம்பும்போது ஏறக்குறைய எத்தனை, குட்டி போடும் மாதம் எது, இந்த ஆண்டு மரத்தடியில் எத்தனை விழுந்தன? இதற்கு வௌவாலைத் தொடவே வேண்டாம், தள்ளி நின்று எண்ணினால் போதும். வழக்கமாக மாதம் ஒன்று விழுகிற மரத்தில் திடீரென்று பத்து விழுந்தால், அது வழக்கத்துக்கு மாறு என்று சொல்ல இப்படி ஒரு பழைய நோட்டு வேண்டும்.

காயம்பட்ட வௌவாலை மீட்பவர்கள், குகையில் ஆய்வு செய்பவர்கள் முன்கூட்டியே ஊசி போடலாமா?

கட்டாயம் போட வேண்டும். கால்நடை மருத்துவர்கள், வனக் காவலர்கள், மீட்பு ஆர்வலர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். முன்தடுப்பு ஊசியை நம் நாட்டில் 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என்று போடுகிறார்கள். அதைப் போட்டவர்களும் கடிபட்டால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 0, 3 என்று இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. கையுறை தோல் கையுறையாக இருக்கட்டும். மெல்லிய ரப்பர் கையுறையைப் பழந்தின்னியின் பல் ஒரே கடியில் துளைத்துவிடும்.